கொம்புச் சீப்பில் ஆறு வெட்டு

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் முட்டிவலி, சர்க்கரை, பிள்ளைகள் போன் எடுப்பதில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நானும் அதையெல்லாம் பேசுகிறவன்தான். இன்று வேறொன்றைச் சொல்லப்போகிறேன். ஒரு விரல் நீளம்கூட இல்லாத கொம்புத் துண்டு ஒன்றைப் பற்றியது. கேட்டுவிட்டு என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. அதைவிட மோசமாக நானே நினைத்து முடித்துவிட்டேன்.

எங்கள் வீடு திருமயத்தில், கோட்டைக்குப் பின்பக்கம். அப்பா துபாயில் எலக்ட்ரீஷியன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். மீதி நாளெல்லாம் அவர் எங்களுக்குக் கடிதம்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்கா ஒன்பதாவது, புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போய்ப் படித்தாள். இருட்டுவதற்குள் வந்தால் பெரிது. நான் ஆறாவது, உள்ளூர்ப் பள்ளிக்கூடம், மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவேன். அதனால் கடிதம் படிப்பது என் உத்தியோகம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். அப்பா குரல் மாதிரியே இழுத்து இழுத்துப் படிப்பேன். முடித்ததும், "இன்னொரு தடவ படிப்பா" என்பாள். என் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவளுக்கு அப்பா சொன்னதுதான்.

அக்காவுக்கு இடது கை. எழுதுவது மட்டும் வலதில், அது பள்ளிக்கூடப் பிரம்பு செய்த வேலை. கோலம் போடுவது, வெங்காயம் நறுக்குவது, என் முதுகில் வைப்பது எல்லாம் இடதுதான். சாப்பிடும்போது மறந்து இடது கை இலைக்குப் போனால் அம்மா கண்ணை உருட்டுவாள். மற்றபடி அந்தக் கைக்காக அம்மா அவளை ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் தையல் டீச்சர் ஆவூர்க்காரர். மாதா கோயில் பாடல் குழுவில் கிடார் வாசிப்பவர். மதிய இடைவேளையில் பள்ளிக்கூடத்தில் அதை வாசித்துக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தனக்கு ஒரு கிடார் வேண்டும் என்று அப்பாவுக்கு எழுதினாள். கேட்டது அவள்தான். நான் என்ன செய்தேன் என்றால், அப்பா எனக்குக் கிடார் அனுப்புகிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன். யாரும் நம்பவில்லை. அதனால் இன்னும் பலமாகச் சொன்னேன்.

பொங்கல் கழிந்து ஒரு மதியம், அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு உறை. ஜிப்பைத் திறந்ததும் வார்னிஷும் சென்ட்டும் கலந்த ஒரு வாசனை. தேன் நிற மரம், துளைக்குப் பக்கத்தில் கறுப்பாக வழவழவென்று ஒரு தகடு. அம்மா அதைத் தொடுவதற்கு முன் கையை இரண்டு தடவை சேலையில் துடைத்துக்கொண்டாள்.

உறையின் பைக்குள் கடிதம் இருந்தது. வழக்கமான கடிதம், நலம் நலமறிய ஆவல், கீழே கையெழுத்து. அதோடு தனியாக ஓர் அரைத்தாள். அம்மா பின்கட்டில் தண்ணீர் மோந்துகொண்டிருந்தபோது அரைத்தாளை முதலில் பிரித்தேன். இப்போது அது என் முன்னால் இருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"இந்தக் கிடார் மூத்த பிள்ளைக்கு. இடது கைக்காரர்களுக்கு என்றே செய்தது. கடை கடையாக அலைந்து வாங்கினேன். நரம்பு மாறியிருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், மாற்றவும் வேண்டாம். என் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பு விளக்கு சுட்டது இல்லை. அந்தக் கையால் சாப்பிட்டதற்காகச் சின்ன வயதில் எனக்கு வைத்த சூடு. என் பிள்ளைக்கு அந்தக் கை நன்றாக இருக்கட்டும். தம்பிக்கு அடுத்த தடவை சைக்கிள்."

பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் எனக்காகப் பேச வேண்டாம். எல்லாம் தெரிந்தது. அப்பாவின் தழும்பு தெரிந்தது. அதன் மேல்தான் எப்போதும் வாட்ச் கட்டியிருப்பார். அந்தச் சூட்டை நினைக்க எனக்கே வலித்தது. ஆனாலும் வகுப்பில் சொல்லிவைத்த பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. அம்மாவின் காலடி கேட்டதும் அரைத்தாளை நான்காக மடித்துக் கிடாரின் துளைக்குள் தள்ளிவிட்டேன். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தள்ளினேன். அது உள்ளே எங்கோ போய்ச் சிக்கிக்கொண்டது. எப்படிக் கவிழ்த்தும் வரவில்லை.

அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்தேன். அரைத்தாளைப் படிக்கவில்லை.

அக்கா வந்ததும் கிடாரை எடுத்து மடியில் வைத்தாள். அது அவளிடம் போய் உட்கார்ந்த விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. கழுத்து வலது கைக்கு வந்தது, இடது கை தானாக நரம்புக்குப் போனது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தையல் டீச்சர் நோட்டில் விரல் வைக்கும் இடங்களைப் படமாகப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு வாரத்தில் மூன்று பிடி பழகிவிட்டாள். ஆண்டு விழாவில் டீச்சர் பாட, இவள் வாசிக்க வேண்டும் என்று பேச்சாகிவிட்டது. மாலையில் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்பாள். நான் எடுத்தால் எல்லாம் தலைகீழாக இருந்தது. கனமான நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் மெல்லியது. அந்தக் கறுப்புத் தகடும் மேல்பக்கம் போய்விடும். கூட்டாளிகள் வீட்டுக்கு வந்து நான் தடுமாறுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அப்பா கடிதத்தில் ஒன்று எழுதியிருந்தார், நான் படிக்க மறந்துவிட்டேன். கடைக்காரன் நரம்பைத் தப்பாக மாற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டானாம், இங்கே யாரையாவது வைத்துச் சரிசெய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார் என்று. 'மாற்றவும் வேண்டாம்' என்ற வரியிலிருந்துதான் அந்த யோசனையே வந்தது. அப்பாவின் வாக்கியத்தைத் திருப்பிப்போட்டுப் படித்தேன், அவ்வளவுதான்.

அம்மா, "புள்ள நல்லாத்தானப்பா வாசிக்குது" என்றாள். நான் சோற்றைப் பிசைந்தேன். "அப்பா சொல்லியிருக்காங்கன்னா சரி" என்று அவளே முடித்துவிட்டாள்.

நரம்பைக் கழற்றி இடம் மாற்றிக் கட்டுவது சுலபமாக இருந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. கிடாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் குறுக்காக ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். நட் என்பார்கள். அப்போது எங்களுக்குப் பெயர் தெரியாது, 'பல்லு' என்று சொல்லிக்கொண்டோம். அதில் ஆறு வெட்டு. ஒவ்வொரு நரம்பும் ஒரு வெட்டில் உட்கார வேண்டும். கனத்த நரம்பு மெல்லிய வெட்டில் இறங்காமல் மேலேயே நின்றது. மெல்லியது அகல வெட்டில் கிடந்து ஆடி இரைந்தது. திருமயத்தில் கிடார்க் கடைக்கு எங்கே போவது? நுணுக்கமான அரம் வைத்திருந்தவர் கடைவீதி நகை ஆசாரி ஒருவர்தான். அம்மா என்னை அவரிடம் அனுப்பினாள்.

ஆசாரி உமி அடுப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிடாரை மடியில் கிடத்திக்கொண்டார். அந்தத் துண்டின் பக்கத்தில் ஒரு மரச்சில்லை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டினார். இரண்டாம் தட்டில் பசை விட்டுக் கையோடு வந்தது. முதலில் அதையே திருப்பி வைத்துப் பார்த்தார். வெட்டுகள் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்ததால் நரம்பு கிர்ரென்றது. பிறகு அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, பழைய இடத்தில் இருந்த வரிசைப்படி ஒவ்வொரு நரம்பையும் ஒவ்வொரு வெட்டில் வைத்துப் பார்த்தார். தங்கக் கம்பியின் கனத்தை விரலிலேயே சொல்கிற மனுஷன்.

"தம்பி, இது தப்பாக் கட்டுனது இல்லப்பா. தப்பாக் கட்டியிருந்தா வெட்டுல சேராது. இது நரம்புக்குன்னு அளந்து வெட்டியிருக்கு. செஞ்சவன் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்."

உமிப் புகையில் கண் எரிந்தது. அந்த இடத்தில் ஒரு வார்த்தை, "அப்படின்னா வேணாம்" என்று சொல்லியிருந்தால் போதும். அவரும் பழையபடி ஒட்டிக் கொடுத்திருப்பார். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நான், அப்பா எழுதிவிட்டார், மாற்றச் சொல்லிவிட்டார் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எலும்போ கொம்போ கெட்டியாக ஏதாவது கொண்டுவா என்று அனுப்பினார்.

வீட்டில் அம்மா தேடிப் பார்த்துவிட்டுத் தன் சீப்பை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணத்தில் அவளுக்கு வந்த மாட்டுக் கொம்புச் சீப்பு. கறுப்பில் மஞ்சள் ஓடியிருக்கும். ஓரத்தில் இரண்டு பல் மட்டும் போயிருந்தது. அதில் சீவினால்தான் தலைவலிக்காது என்பாள். முதுகுப்பட்டை தடிமனாக இருந்ததால் ஆசாரிக்கு அது சரியாக வந்தது. பட்டையை அறுத்தார், கல்லில் தேய்த்தார், தலைக்குக் கீழிருந்த பள்ளத்தில் வைத்து வைத்து எடுத்தார். ஒரு நூல் கூடினால் மறுபடி தேய்ப்பார். அப்புறம் வெட்டு. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார், நரம்பை வைத்துப் பார்ப்பார், ஊதுவார். கொம்பு தேயும்போது கருகின முடி வாசனை வந்தது. ஆறு வெட்டுக்கு இரண்டு மதியம் ஆயிற்று.

பழைய வெள்ளைத் துண்டை மூக்குத்தி மடிக்கிற ரோஸ் தாளில் மடித்து, பத்திரமாக வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தார். வரும் வழியில் ஊருணியில் வீசிவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு ஆசாரியே வைத்துக்கொண்டார் என்றேன். பொய் ஒன்றோடு நிற்காது என்று எனக்கு அந்த வயதிலேயே பழகிவிட்டது.

அன்று மாலை அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கிடாரை எடுத்தாள். மடியில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். அம்மா, அப்பாதான் சரிசெய்யச் சொல்லி எழுதியிருக்கிறார் என்று சொன்னாள். அக்கா அந்தக் கொம்பைத் தடவிப் பார்த்தாள். "ஒன் சீப்பாம்மா இது?" என்று மட்டும் கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள். தன் சீப்பு இப்படி ஒரு காரியத்துக்கு ஆனதில் அவளுக்குச் சந்தோஷம்.

நான்கைந்து நாள் அக்கா வலது கையால் முயன்றாள். விரல் நடுங்கும், நரம்பு தப்பும். ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கை வலிக்கிறது என்று டீச்சரிடம் சொல்லி விலகிக்கொண்டாள். டீச்சர் போட்டுக் கொடுத்த படங்களை என்னிடமே தந்துவிட்டாள். அடுத்த வருஷம் எங்கள் பள்ளிக்கூட மேடையில் நான் வாசித்தேன். கைதட்டினார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கிடாரில் கீழ்ப்பிடிகள் சரியாக இருக்கும், மேலே போகப் போகச் சுருதி விலகும். அடியில் நரம்பு ஏறும் கட்டை பழைய சாய்விலேயே இருந்ததுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கேட்டவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் கேட்டது. வேகமாகத் தட்டினால் உள்ளே அரைத்தாள் சரசரக்கும், அதுவும் கேட்டது.

அப்பா லீவில் வந்தார். எனக்கு சைக்கிள் வந்தது. வந்த இரண்டாம் நாள், மூலையில் சாத்தியிருந்த கிடாரை எடுத்தார். கொம்பில் கட்டைவிரலை ஓட்டினார்.

"யாரு மாத்துனது?"

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன். நீங்கதானே எழுதினீங்க என்று அவள் சொல்லப்போகிறாள், அத்தோடு நான் ஒழிந்தேன் என்று நினைத்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"எனக்கு அது புடிக்கலப்பா. கை வலிக்குது. தம்பி நல்லா வாசிக்கிறான்."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு கிடாரை என்னிடம் நீட்டி, வாசி என்றார். வாசித்தேன். நன்றாயிருக்கிறது என்றார். வாட்சைக் கழற்றி மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு அவர் கிடாரைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா செத்து இருபது வருஷம் ஆகப்போகிறது.

அக்கா எதற்காக அப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

அவளைக் கறம்பக்குடியில் கட்டிக்கொடுத்தோம். அம்மாவோடு அவள் சண்டை போட்டதில்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், வேலை செய்வாள், போய்விடுவாள். உட்கார்ந்து பேச மாட்டாள். அம்மா வெற்றிலையை மடித்து நீட்டினால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவாள். என்னிடம் அப்படி இல்லை. நான் கறம்பக்குடி போனால், எந்த அவசரமானாலும், "ஒரு வாய் சாப்பிட்டுப் போடா" என்று தட்டை வைத்துவிடுவாள். அவள் வீட்டில் சாப்பிடாமல் நான் பஸ் ஏறியதில்லை. அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தாள். சாயங்காலமானால், "எம்மேல அவளுக்கு என்னப்பா கோவம்?" என்று கேட்பாள். வேலையிருக்கும்மா, பேரன் பேத்தி ஆகிவிட்டதல்லவா என்று சொல்லுவேன். எனக்குக் காரணம் தெரியாது என்று சொன்னால் அது பாதிப் பொய். தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. அம்மா போய் மூன்று வருஷம் ஆயிற்று.

போன மாதம் அக்கா போன் செய்தாள். அந்தக் கிடார் இருக்கிறதா என்று கேட்டாள். பேத்திக்கு வேண்டுமாம். "புள்ள என்னைய மாதிரிடா. எல்லாம் எடது கைதான். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல இப்ப" என்றாள். குரலில் அப்படி ஒரு பெருமை.

புதுக்கோட்டையில் கிடார் பழுதுபார்க்கிற ஒரு பையனிடம் கொண்டுபோனேன். பார்த்ததுமே, "சார், இது லெஃப்ட் ஹேண்ட் பீஸ் சார். யாரோ தெரியாம மாத்திக் கெடுத்து வச்சிருக்காங்க" என்றான். தெரியாமல் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எலும்பில் புதிதாக ஒன்று செய்து, பழைய வரிசைப்படி வெட்டுப் போட்டு வைத்தான். நரம்பு பூட்டி வாசித்தான். மேலே போனாலும் சுருதி சேர்ந்தது. அடிக்கட்டை இத்தனை வருஷமும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கழற்றிய கொம்புத் துண்டை மேஜையில் வைத்தான். உள்ளே ஏதோ பேப்பர் கிடக்கிறது என்று நீளமான இடுக்கியை விட்டு இழுத்தான். நான்காக மடித்தபடியே வந்தது.

கறம்பக்குடி பஸ்ஸில் சட்டைப்பையில் அது இருந்தது. வழியெல்லாம் ஒரு கதை தயார் செய்துகொண்டேன். அறுபதை நெருங்கும் வயதில்.

அக்கா கதவைத் திறந்ததும், சோறு வடித்துவிட்டேன், கை கழுவு என்றாள். பேத்தி கிடாரைப் பிடுங்கிக்கொண்டு உள் அறைக்கு ஓடிவிட்டது. நான் அரைத்தாளையும் கொம்புத் துண்டையும் எடுத்து அக்கா கையில் கொடுத்தேன்.

"கிடாருக்குள்ள கெடந்துச்சுக்கா."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டு தடவை படித்தாள். சூடு வைத்த வரியில் விரல் நின்றது.

"உள்ள எப்படிடா போச்சு?"

தயார் செய்த கதை வாய்வரை வந்தது. உள் அறையில் அந்தப் பிள்ளை நரம்பை மீட்டியது. "நான்தான் போட்டேன். மாத்தச் சொல்லி அப்பா எழுதல. நான்தான் அம்மாட்டப் பொய் சொன்னேன்" என்றேன்.

அக்கா கொம்புத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அம்மா சொன்னதும் அப்பா லெட்டர எடுத்து வரி வரியாப் பாத்தேன்டா. அப்படி ஒரு வார்த்தையே இல்ல. எடது கையால வாசிக்கிறது புடிக்காம அம்மாதான் அப்பா பேரைச் சொல்லிப் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். தன் சீப்பையே அறுத்துக் குடுத்துருக்கே, அம்புட்டு வெறுப்பான்னு நெனச்சேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா லீவுல வந்த மனுசன் அம்மாவைப் போட்டு வைவாரேன்னுதான் எனக்குப் புடிக்கலன்னு சொன்னேன்."

நான் "அக்கா" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிறுத்து என்று கையைக் காட்டினாள்.

"நாப்பது வருசத்துக்கு மேல. இப்ப அம்மாட்ட யாருடா போய்ச் சொல்றது?"

அவள் திட்டியிருந்தால், அந்த இடது கையால் பழையபடி முதுகில் ஒன்று வைத்திருந்தால், எனக்கு நன்றாக இருந்திருக்கும். அரைத்தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கொம்புத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். பேத்திக்குச் சோறு போட்டுக் கூப்பிடுவது கேட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் வாசனை வந்தது. ஒரே ஒரு தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நானே எழுந்து, வாரேன்க்கா என்றேன். சரி என்றாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுத் திருமயம் வந்து சேர்ந்தேன்.